ஒன்றேகால் கிலோ

களியலுக்கு மேலே ரப்பர்த் தோட்டத்தில்
ஒரு தேன்பெட்டிக்கு அடியில் தராசு வைத்திருக்கிறேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடை பார்த்து
நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடும்.
ஆய்வகத்து ஏசிக் குளிரில் இருந்தபடி
நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெருங்குடும்பத்தை
கிராம் கிராமாக வாசிக்கிறேன்.

விடிந்ததும் எடை குறையும். வெளியே போகிறார்கள்.
அந்தியில் கூடும். வந்துவிட்டார்கள்.
மழை பிடித்துக்கொண்டால் கோடு
லீவு நாள் ஹாஸ்டல் மாதிரி
படுத்தே கிடக்கும்.

நவம்பரில்தான் கண்டேன்.
காலை ஐந்து முப்பதுக்கு
திடுமென ஒன்றேகால் கிலோ ஏறுகிறது.
பத்து இருபதுக்கு அப்படியே இறங்குகிறது.
பத்து ஐம்பதுக்கு நானூறு கிராமாகத் திரும்பி வந்து
பதினொன்று பத்துக்கு அதுவும் போய்விடுகிறது.
ஒன்றுவிட்டு ஒரு நாள்.
ஞாயிறு கிடையாது.
எந்தத் தேனீயும் இப்படிப் பறந்ததில்லை.

மரநாய் என்றான் பக்கத்து மேசை அஜின்ஜோஸ்.
மரநாய்க்கு ஞாயிறு தெரியுமா?
சோபனராஜ் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து
"வெறும் இரைச்சல். நீக்கிரு" என்றார்.

நீக்குவதற்கு முன்னால் பஸ் ஏறினேன்.

பெட்டியின் தலையில் ஒரு அலுமினியத் தூக்குவாளி.
பால்வாளியோடு மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தவள்
ரோஸ்லெட்.
"கீழ வச்சா உறும்பு கேறும்லா மக்களே,
இதுக்க காலுல வெள்ளம் நிக்குது பாத்தியா."
நாலு காலுக்கும் அடியில் நானே வைத்த
தண்ணீர்க் கிண்ணங்களின் பயனை
எனக்கே விளக்கினாள்.
மரச்சீனி, சாளைக் கறி.
எனக்கும் ஒரு துண்டு.
"இதெல்லாம் கம்ப்யூட்டருல தெரியுமா?"
"இல்லக்கா, தேனீ மட்டுந்தான்" என்றேன்,
வாயில் மரச்சீனியோடு.

தெரியும்.
வந்ததில் திரும்பியதைக் கழித்தால்
அவள் சாப்பிட்டது.
டிசம்பர் கடைசியில் தூக்குவாளி எண்ணூறாகத்தான் வந்தது.
ஒரு வியாழக்கிழமை
ஒன்றேகால் இறங்கி, ஒன்றேகாலே ஏறியது.
அன்றைக்கு என்ன நடந்தது என்று
கேட்க எனக்கு வழியில்லை.
ஆய்வு அனுமதிப் படிவத்தில்
'மனிதர்கள் உட்படுத்தப்படுகிறார்களா' என்ற இடத்தில்
'இல்லை' என்று டிக் அடித்து
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரு வரி நிரல் எழுதினேன்.
கழிக்க வேண்டிய அளவுக்கு
தமிழிலேயே 'தூக்குவாளி' என்று பெயர் வைத்தேன்.
இயந்திரம் ஆட்சேபிக்கவில்லை.
சார்தான் 'பிறழ்புள்ளி' என்று மாற்றச் சொன்னார்.
மாற்றினேன்.

பிப்ரவரியில் ரப்பர் இலையெல்லாம் கொட்டி
செம்பு நிறத்தில் தளிர் விட்டது.
தளிர்க் காம்பில் இனிப்பு ஊற
பெட்டி கனத்தது. இருநூறு, நானூறு,
ஒரே நாளில் அறுநூற்று இருபது.
படிகளே இல்லாத ஏறுகோடு, முப்பத்தேழு நாள்.
"இப்பதான் டேட்டா சுத்தமா இருக்கு"
என்று பெரிய திரையில் போட்டு
முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினார் சார்.
தளிர் விடும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு.
வெட்டு கிடையாது.
கூலியும் கிடையாது.
வகுப்பில் நான் தேனைப் பற்றி மட்டும் பேசினேன்.
ஒரு பெண் கைதூக்கி
நவம்பர்க் கோடு ஏன் பல்லுப் பல்லாக இருக்கிறது என்றாள்.
அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் ஒன்பது, செவ்வாய்.
திரையில் வழுவழுப்பான கோடு.
நான் எழுதிய வரி தன் வேலையைச் செய்திருக்கிறது,
எனக்குத் தெரியும் முன்பே கழித்துவிட்டது.
மூலக் கோப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது:
ஐந்து முப்பது.
ஒன்று புள்ளி மூன்று.

ஐம்பது கிராம் கூடுதல்.
கறியில் மாங்காய் போட்டிருப்பாள்.